தெளிந்த தோல்

கிழக்கேகோட்டை அக்ரகாரத்தில் ஒரு சஷ்டியப்தபூர்த்திச் சாப்பாடு. முதல் பந்திக்கு இலையிலையாக எரிசேரிக் கூட்டு விளம்பிக்கொண்டு போனார் சேஷன். சமையல் குழுவில் சேர்ந்து இருபது வருஷம் ஆகியும், பந்திக்குள் அவர் கால் வைத்தது அந்த மாதம்தான்.

அதுவரை அவருக்குக் கை, முதுகு, முழங்கால் எல்லாம் செதில் உதிரும் சொரியாசிஸ். தொட்டால் ஒட்டாது என்று மருத்துவர் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. விறகு தள்ளவும் அண்டா ஏற்றவும் மட்டும் அவரை வைத்திருந்தார் குழுத்தலைவர் ஸ்ரீகண்டன்.

தொண்ணூற்றெட்டில் சேஷனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. அதற்குத் தந்த மாத்திரை வெள்ளணுக்களைக் குறைத்தது. அதே மாத்திரையில் தோலும் தெளிந்துவிட்டது. நோய் குணமாயிற்று என்றது தெரு. எந்த நோய் என்று யாரும் கேட்கவில்லை.

"ஓய், மாப்பிள்ளையாட்டம் ஆயிட்டீரே. விறகெல்லாம் போறும், விளம்ப வாரும்," என்றார் ஸ்ரீகண்டன்.

இரண்டு மாதம் கழித்து மருத்துவர் ஊசிக்கு மாற்றினார். மாத்திரை கொஞ்ச காலம்தான் தாங்கும், ஊசி போட்டால் ஆயுள் நீளலாம் என்றார். தோல் நோய் திரும்பக்கூடும், திரும்பினால் மறைக்காமல் வந்து காட்டுங்கள், அதற்கும் வழி உண்டு என்றும் சொன்னார்.

ஊசி தொடங்கிய மூன்றாவது வாரம் முழங்கையில் சிவப்புத் திட்டு வந்தது. சட்டையில்லாமல் விளம்புவதுதான் அங்கே வழக்கம். மறைக்க முடியாது.

மனைவி பார்வதியம்மாள் பார்த்துவிட்டாள். "டாக்டர்கிட்ட காட்டணும், கேட்டேளா."

"இந்த முகூர்த்தமெல்லாம் கழியட்டும்."

"ஊசி?"

"போட்டுண்டுதானே இருக்கேன்."

திட்டு வந்த நாள் முதல் போடவில்லை. ஆஸ்பத்திரிக்கென்று கிளம்பிப்போய், குளப்படியில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார். மிச்சமிருந்த பழைய மாத்திரைகளை விழுங்கினார். திட்டு அடங்கியது. பந்திக்குப் போனார்.

பங்குனியில் ஈறிலிருந்து ரத்தம் வந்தது. நோய் முற்றிவிட்டது, இனி செய்வதற்கு அதிகமில்லை என்றார் மருத்துவர். ஊசி நின்றுபோனது பார்வதியம்மாளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஸ்ரீகண்டன் ஆரஞ்சுப் பழத்தோடு வார்டுக்கு வந்தார். சேஷன் நினைவில்லாமல் கிடந்தார்.

"தோல் நன்னாத்தானே இருக்கு. பின்னே என்ன ஆச்சு?"

பார்வதியம்மாள் குரலை உயர்த்தவில்லை. "தோல் நன்னா இருக்கணும்னுதான், அண்ணா, இவர் ஊசியை விட்டார். ரத்தத்துல வந்ததுக்கு மருந்து இருந்தது. நம்ம அருவருப்புக்குப் பயந்து அதை வேண்டாம்னுட்டார். ஒட்டாத வியாதிக்காரனை ஒதுக்கி வெக்கறதும் கொலைதான். உங்களை மட்டும் சொல்லலை. ஆத்துல இவருக்குத் தனித் தட்டு வெச்சவ நான்."