தொள்ளாயிரம் மேற்கோள்கள்

பேராசிரியர் சுதினியின், அங்கே எல்லோரும் அழைக்கிறபடி சுதினி ஆஜானின், கட்டுரையை அதுவரை தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர் மேற்கோள் காட்டியிருந்தார்கள். தாய்லாந்தின் கொன்கேனில் அவருடைய ஆய்வகத்துக்கு வருகிறவர்கள் காலையில் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். ஏறியிருந்தால் யாராவது கீழே போய் வறுத்த வாழைப்பழம் வாங்கி வருவார்கள்.

எண் சும்மா ஏறவில்லை. பித்தநாளப் புற்றுக்கட்டி ஒன்றிலிருந்து தான் வளர்த்தெடுத்த செல்களை, யார் கேட்டாலும் ஆஜான் கொடுப்பார். ஹனோய்க்குப் போயின, மணிலாவுக்குப் போயின. பதிலுக்கு அவர்களுடைய கட்டுரைகளில் ஆசிரியர் பட்டியலில் ஆஜானின் பெயர் கடைசியில் வரும், அந்தச் செல்களைப் பற்றிய அவருடைய பழைய கட்டுரை மேற்கோளாக வரும். அதில் தவறு இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. அவருடைய ஆராய்ச்சி உதவியாளர் நாரீரத்தும் நினைக்கவில்லை. அந்தச் செல்களைக் கொல்லும் மருந்து பற்றிய கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது. அந்த மருந்தை இப்போது எதிர்க் கட்டடத்தில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். இன்று மதியம், அதே பித்தநாளப் புற்று வந்திருக்கும் அவளுடைய அண்ணன் தவினுக்கு முதல்முறை ஏறப்போகிறது.

காலையில் சோதனை முடிவு வந்தது. புதுக் கட்டுரைக்காக ஒரு பத்திரிகை செல்களின் மரபணு அடையாளத்தைக் கேட்டிருந்தது. இத்தனை வருஷத்தில் ஒருவரும் அதைச் செய்து பார்த்ததில்லை. இத்தனை பேர் பயன்படுத்துகிற செல்லை எதற்குச் சந்தேகப்பட வேண்டும்?

அவை பித்தநாளச் செல்களே இல்லை. கருப்பைவாய்ப் புற்றுச் செல்கள். பல ஆய்வகங்களில் வளர்க்கிற, ஒரு சொட்டு விழுந்தாலும் களைபோலப் பரவுகிற வகை. எப்போதோ குடுவைக்குள் விழுந்து, உண்மையானவற்றை மூடி அழித்துவிட்டு அந்தப் பெயரிலேயே வாழ்ந்துகொண்டிருந்தன.

"குழாயை மாத்திப் போட்டிருப்பே. திரும்பப் பண்ணு," என்றார் ஆஜான்.

"உறைய வெச்ச பழைய குப்பியையும் பாத்துட்டேன், ஆஜான். அதுவும் இதேதான்."

ஆஜான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வியாழக்கிழமை எனக்குத் தேசியப் பேராசிரியர் பட்டம் குடுக்கிறதப் பத்தி முடிவு பண்ணக் குழு கூடுது. அது முடியட்டும், பேசிக்கலாம்."

"இன்னைக்கு அண்ணனுக்கு ஏத்துறாங்க."

"எலிக்குக் கட்டி சுருங்குச்சே. நீதானே அளந்தே?"

"எலிக்குள்ள வெச்சதும் இதே செல்தானே, ஆஜான்."

ஆஜான் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலில் சொன்னார்: "உனக்குன்னு இருக்கிறதும் அந்த ஒரு கட்டுரைதான், நாரீ."

அவள் எதிர்க் கட்டடத்துக்கு ஓடினாள். மருந்துச் சோதனையை நடத்தும் டாக்டர் பொறுமையாகத்தான் கேட்டார். "தொள்ளாயிரம் பேரும் தப்பு, உங்க ஒரு டெஸ்ட் மட்டும் சரியா? ஆஜான்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க, நிறுத்துறேன்." ஆஜானின் போன் அணைந்திருந்தது.

வார்டில் தவினின் கையில் ஊசி ஏற்கெனவே குத்தியிருந்தது; மருந்து இன்னும் ஏறத் தொடங்கவில்லை. கண்கள் மஞ்சள்.

"வாங்க டாக்டரம்மா! சிஸ்டர், இவ மருந்துதான் இது. கோழிக்குத் தண்ணி வைன்னா வைக்க மாட்டா, இப்ப எனக்கு வைக்கிறா பாருங்க." சிரித்தான். "நாரீ, இது கேட்டுச்சுன்னா, இந்த நோயைக் கொண்டுவந்த பச்சை மீனைத் திரும்பத் திங்கலாமா? எலுமிச்சை நல்லாப் பிழிஞ்சு?"

"அண்ணா, இதை வேணாம்னு சொல்லு." அவள் குனிந்து சொன்னாள். "நாங்க சோதிச்ச செல்லு உன் நோய்ச் செல்லே இல்ல. வேற யாரோ ஒரு பொம்பளையோடது. கருப்பைவாய்ல வந்தது."

"அப்ப எனக்குக் கர்ப்பப்பை மருந்தா?" இருமல் வரும்வரை சிரித்தான். பிறகு நிறுத்தினான். "உங்க ஆஜானுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்ன சொன்னாங்க?"

"வியாழக்கிழமைக்கு அப்புறம் பேசலாம்னு."

அவன் கையை இழுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டான். நர்ஸ் மருந்துப் பையைப் பிடித்தபடி நின்றாள்.

"ரத்தத்தை எல்லாம் கெடுக்கும்னு கையெழுத்து வாங்குனாங்களே, அது நிஜந்தானே?"

"நிஜந்தான்."

"சரி. இதைக் கழட்டிட்டா வேற என்ன போடுவாங்க?"

நாரீரத் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவனுக்கு முன்பே இரண்டு மருந்துகள் கேட்காமல் போயிருந்தன. மூன்றாவது என்று எங்கும் ஒன்றில்லை. அது அவளைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

தவின் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நர்ஸ் பக்கம் கையை நீட்டினான்.

"போடும்மா."

"அண்ணா—"

"நீ வெளிய இரு."