கம்பி இடிக்கிற ஆள்

இந்தக் காலத்தில் தோற்றவனுக்குத்தான் முதல் மரியாதை. போன வருஷம் எல்லா ஆட்டத்திலும் உதை வாங்கிய டிப்போ இந்த வருஷம் முதல் ஆளாகப் போய் ஆள் எடுக்குமாம். கோப்பையைத் தூக்கியவன் கடைசியில் நின்று மிச்சம் மீதியைப் பொறுக்க வேண்டுமாம். ஏனென்று கேட்டால், "அப்பதான் பெரியவரே போட்டி சமமா இருக்கும்" என்கிறார்கள். சமமாக இருக்க வேண்டுமென்றால் எதற்கு விளையாடுகிறீர்கள்? ஆளுக்கொரு கோப்பை வாங்கிக்கொண்டு வீட்டைப் பார்க்கப் போக வேண்டியதுதானே. இப்படிக் கேட்டால் சிரிக்கிறார்கள். பதில் தெரியாதவன் சிரித்துத் தப்பிப்பது இப்போது பெரிய நாகரிகமாகிவிட்டது.

இதையெல்லாம் முனகிக்கொண்டே டயர்க்காரர் கட்டிலுக்கு அடியில் செருப்பைத் துழாவினார். பஸ் டிப்போவில் டயர் கழற்றி டயர் மாட்டியே தலை நரைத்து ஓய்வு பெற்றவர். கூடைப்பந்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், பந்து மேலேயிருந்து வளையத்துக்குள் விழ வேண்டும், கீழேயிருந்து போனால் செல்லாது என்பது மட்டும்தான். ஆனாலும் இன்று அவருடைய டிப்போவுக்கு ஆள் எடுக்கப் போகிறவர் அவர்தான்.

அது ஒரு விசித்திரமான வழக்கம். பஸ் கம்பெனியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களில் பந்தாடத் தெரிந்தவர்களை டிப்போக்கள் முறை வைத்து எடுத்துக்கொள்ளும். எடுத்த டிப்போவிலேயே அவனுக்கு வேலை, அந்த டிப்போவுக்காகவே அவன் ஆட வேண்டும். முன்பெல்லாம் கேப்டன்களே எடுத்தார்கள். ஒரு வருஷம் ஒருவன் தன் மச்சானை எடுக்கப் போய் நாற்காலிகள் பறந்தன. அதிலிருந்து, ஓய்வு பெற்ற ஒருவர்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும் என்று வைத்தார்கள். ஓய்வு பெற்றவனுக்கு இனிமேல் இதனால் நல்லதும் ஆகாது, கெட்டதும் ஆகாது என்று எவனோ கண்டுபிடித்திருந்தான். டயர்க்காரரின் மருமகன்தான் அவருடைய டிப்போவின் கேப்டன் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவரும் பேசவில்லை. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

செருப்பு ஒற்றையாக அகப்பட்டபோது மகள் வந்து நின்றாள். இரண்டு தெரு தள்ளி வீடு. இடுப்பில் குழந்தை.

"அப்பா, அந்தக் குள்ளப் பையன எடுக்கப் போறீங்களாமே?"

"யாரு சொன்னா?"

"வேற யாரு, உங்க மருமகன்தான். வீட்டுல எந்நேரமும் அவன் புராணம்தான். என்னமா தட்டுறான், எங்கேருந்து போட்டாலும் உள்ள விழுதுன்னு. அவன் வந்தா இவரு இடம் காலிப்பா. ரெண்டு பேரும் ஆடறது ஒரே இடம்."

"அதனால என்ன? பெஞ்சுல உக்காந்து தண்ணி குடிக்கட்டும்."

"தண்ணி குடிக்கலாம். காலை ஷிஃப்ட் போயிடுமே."

அதுதான் விஷயம். களத்தில் இறங்குகிற ஐந்து பேருக்கு மட்டும் வருஷம் முழுக்கக் காலை ஷிஃப்ட். சாயங்காலம் பயிற்சிக்கு வேண்டும் என்று கொடுத்த சலுகை. மைதானம் அவர்கள் வீட்டுக்கு எதிரேயே இருந்ததால் மருமகன் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போய்விடுவான். பெஞ்சில் இருப்பவனுக்குப் பழையபடி இரண்டாவது ஷிஃப்ட். மகளுக்குப் பல் மருத்துவர் கிளினிக்கில் சாயங்கால வேலை.

"அவரு ரெண்டாவது ஷிஃப்டுக்குப் போனா நான் வேலைய விடணும். இல்லேன்னா இத நீங்க பாத்துக்கணும்" என்று குழந்தையைக் காட்டினாள். குழந்தை தாத்தாவைப் பார்த்துச் சிரித்தது. போன முறை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டதில் அவருடைய மூக்குக்கண்ணாடி தண்ணீர்த் தொட்டிக்குள் போயிருந்தது.

"சரி, சரி. பாக்கறேன்."

"நான் சொன்னேன்னு அவருகிட்ட மூச்சு விடாதீங்க."

"ஏன்?"

"விடாதீங்கன்னா விடாதீங்க. அவருக்கு ஆட்டம்னா உசிரு."

புருஷன் ஒன்று சொல்கிறான், பெண்டாட்டி வேறொன்று சொல்கிறாள், நடுவில் இவர் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். இன்னொரு செருப்பு கதவுக்குப் பின்னால் இருந்தது.

ஆள் எடுப்பது தலைமை டிப்போவின் கேன்டீனில். வாசல் பெஞ்சில் அவரை நடுவில் உட்கார வைத்து, இந்தப் பக்கம் மருமகனும் அந்தப் பக்கம் கோச்சும் நெருக்கினார்கள். கோச் என்றால் ஸ்டோர் கிளார்க்தான். நட்டு போல்ட் எடுத்துக் கொடுக்கிறவன் கழுத்தில் ஒரு விசிலை மாட்டிக்கொண்டதும் கோச் ஆகிவிட்டான்.

"பெரியவரே, தெளிவா சொல்லிடறேன்" என்றான் கோச். இந்த மாதிரி ஆரம்பிப்பவன் எதையும் தெளிவாகச் சொல்லி அவர் கேட்டதில்லை. "பந்தத் தட்டிக்கிட்டு ஓட நம்மகிட்ட ஆள் இருக்கு. உங்க மாப்பிள்ளையே இருக்காரு. கூடைக்குக் கீழ நிக்கத்தான் ஆள் இல்ல. போன வருஷம் வளையத்துல பட்டு எகிறின பந்தெல்லாம் அவனுங்க கைக்கே போச்சு. உயரம் வேணும். நம்ம தேவை அதுதான்."

"உயரம் மட்டும் போதும்னா ஒரு விளக்குக் கம்பத்தக் கொண்டாந்து நடலாமே" என்றான் மருமகன். "மாமா, இருக்கறதுல எவன் நல்லா ஆடறானோ அவன எடுங்க. எங்க நிறுத்தறதுன்னு அப்புறம் பாத்துக்கலாம்."

"வீட்டுல குழாய் ஒழுகுதுன்னு கடைக்குப் போறீங்க. அங்க நல்ல ஃபேன் ஒண்ணு தொங்குது. கடையிலேயே நல்ல சரக்கு இதுதான்னு ஃபேன வாங்கிட்டு வருவீங்களா?"

"குழாய் ஓட்டைக் குழாயா இருந்தா? ஃபேன வாங்கினா காத்தாவது வரும்."

கோச் பேசும்போது கோச் சொல்வது சரியாகப் பட்டது. மருமகன் பேசும்போது அதுவும் சரியாகப் பட்டது. டயர்க்காரர் தன் வேலையை நினைத்துப் பார்த்தார். பின்சக்கரம் தேய்ந்தால் பின்சக்கரத்துக்குத்தான் டயர் தேடுவோம், வேறெதையும் தேட மாட்டோம். சரி. ஆனால் லாரியில் நல்ல டயர் ஒன்று வந்து இறங்கினால், எந்த வண்டிக்கு என்று பார்க்காமல் முதலில் உருட்டிக்கொண்டு போய் ஒளித்து வைத்ததும் அவரேதான். இரண்டையும் செய்து இரண்டுக்கும் திட்டு வாங்கியிருக்கிறார்.

"அந்த உயரமான ஆள் ஆடி நீ பாத்தியா?" என்றார் கோச்சிடம்.

"ஆடிப் பாக்கல. ட்ரயல் அன்னிக்கு அவருக்கு டூட்டி. கண்டக்டர். என் பைக் ரிப்பேர்னு அன்னிக்கு பஸ்ல வந்தேன், அப்ப பாத்தேன். கழுத்த மடக்கிக்கிட்டேதான் டிக்கெட் போடறாரு. நிமிந்தா கைப்பிடிக் கம்பி இடிக்குது! காலேஜ் டீம்ல ஆடினவராம், விசாரிச்சுட்டேன்."

கம்பி இடிக்கிற ஆள் என்றதும் டயர்க்காரர் புருவம் தூக்கினார். பஸ்காரர்களுக்கு உயரம் என்றால் அதுதான் அளவு. அவர் இருந்த காலம் முழுக்க அந்த டிப்போவில் கம்பி இடித்தவன் ஒரே ஒரு டிரைவர். அவன் சீட்டில் உட்கார்ந்தாலே முட்டி ஸ்டீயரிங்கில் இடிக்கும்.

கோச் தண்ணீர் குடிக்கப் போன சமயம் பார்த்து மருமகன் பக்கம் திரும்பினார். "மாப்ள, அந்தக் குள்ளன் வந்தா நீங்க பெஞ்சுக்கில்ல போவீங்க?"

"போறேன் மாமா."

"காலை ஷிஃப்ட்?"

மருமகன் தன் ஷூவைப் பார்த்தான். "ஒரு தடவையாவது ஜெயிச்சுப் பாக்கணும் மாமா. நான் ஆடியா, ஆடாமலான்னு இல்ல. ஜெயிக்கணும்."

தன் சோற்றில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொள்கிறவனை அவர் இதுவரை கண்டதில்லை. இதில் ஏதோ இருக்கிறது. சாயங்காலம் குழந்தையைப் பார்த்துக்கொள்வதிலிருந்து தப்பிக்கத்தான் இந்த வழியோ? முகத்தைப் பார்த்தால் அப்படியும் தெரியவில்லை. முகத்தை வைத்து எவனை நம்ப முடிகிறது.

ஆட்டக்காரர்களுக்கும் கோச்சுகளுக்கும் உள்ளே இடமில்லை. கிழவர்கள் மட்டும் மேஜைக்கு ஒருவராக உட்கார்ந்தார்கள். கரும்பலகையில் புதியவர்களின் பெயர் இல்லை, வேலைதான் எழுதியிருந்தது. முதலில் ஆற்றோர டிப்போ பிரேக் மெக்கானிக்கை எடுத்தது. அவர்களுக்குப் பந்து எப்படிப் போனாலும் பிரேக் பார்க்க ஆள் வேண்டும். அடுத்த டிப்போ பெயின்டரை எடுத்தது. அதற்கடுத்தது, உடம்பு பெருத்த ஒரு கிளீனரை எடுத்தது. டயர்க்காரரின் முறை வந்தது. பலகையில் 'டிக்கெட் கவுன்ட்டர்' இன்னும் அழியாமல் இருந்தது. அவன்தான் அந்தக் குள்ளன். ட்ரயலில் எல்லோரையும் வாய் பிளக்க வைத்தவன்.

இவனை ஏன் மூன்று பேர் விட்டு வைத்தார்கள்? நல்ல சரக்கு என்றால் கடையில் இவ்வளவு நேரம் கிடக்குமா? முட்டியில் கோளாறா, குடிப்பவனா? ஜன்னலுக்கு வெளியே மருமகன் இடுப்பளவில் கையை வைத்து, குள்ளன், குள்ளன் என்று ஜாடை காட்டினான். அவனை இடித்துத் தள்ளிவிட்டு கோச் நுனிக்காலில் நின்று கையை ஆகாயத்துக்கு நீட்டினான். இரண்டு பேருக்கும் நடுவில் மகளுடைய முகம் வேறு அவர் மனதில் வந்து நின்றது. டிப்போவுக்கு உயரம் வேண்டும், மகளுக்குக் காலை ஷிஃப்ட் வேண்டும். இரண்டுக்கும் ஒரே பதில் வருகிறது. இப்படி எல்லாம் ஒன்றாகப் பொருந்தி வந்தால் எங்கோ தப்பு இருக்கும் என்பது அவருடைய அனுபவம். ஆனால் தப்பு எங்கே என்று தெரியவில்லை.

"பெரியவரே, சீக்கிரம்" என்றார் பலகையருகே நின்ற கம்பெனி அதிகாரி.

"கண்டக்டர்" என்றார்.

ஜன்னலில் மருமகனின் கை கீழே தொங்கியது. அடுத்த முறை ஸ்டேஷன் டிப்போவுடையது. அதன் கிழவர் நாற்காலியிலிருந்து பாதி எழும்போதே, "டிக்கெட் கவுன்ட்டர்!" என்று கத்தினார். பிறகு இவரிடம் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ரொம்ப நன்றிண்ணே."

"எதுக்கு?"

"சும்மா சொன்னேண்ணே."

சும்மா நன்றி சொல்கிற ஆளை டயர்க்காரர் அறவே நம்புவதில்லை. குலுக்கிய கையைப் பார்த்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்.

அடுத்த வாரம் கண்டக்டர் பயிற்சிக்கு வந்தான். மருமகன் பக்கத்தில் வந்து நின்று கை கொடுத்தான். அவனுடைய தலை மருமகனின் காது வரைக்கும்தான் இருந்தது.

டயர்க்காரர் கோச் பக்கம் திரும்பினார்.

"யோவ் கோச்சு" என்றார் டயர்க்காரர். "கம்பி இடிக்குதுன்னு சொன்னியே?"

"இடிச்சுது பெரியவரே. என் கண்ணால பாத்தேன்."

"எந்த பஸ்ஸுல?"

கோச் விசிலைத் தடவினான். "அதான்... சந்துக்குள்ள எல்லாம் போகுதே, புதுசா வந்த குட்டி பஸ்."

"ஏன்யா, அதுல நீ நின்னு பாக்கலியா?"

"சீட் கெடச்சுது, உக்காந்துட்டேன்."

டயர்க்காரர் நேரே டிப்போவுக்கு நடந்தார். கழுவும் இடத்தில் குட்டி பஸ் ஒன்று நின்றிருந்தது. உள்ளே ஏறி நிமிர்ந்தார். கம்பி அவருடைய மண்டையிலேயே இடித்தது. அவர் ஒன்றும் உயரமான ஆள் இல்லை. எந்த பஸ் என்று அன்றே கேட்டிருக்கலாம். அந்த வண்டியின் சக்கரத்தைப் பார்த்திருந்தால்கூட இது பொம்மை வண்டி என்று தெரிந்திருக்கும். தலையைத் தேய்த்துக்கொண்டே இறங்கினார். கழுவ வந்திருந்த ஸ்டேஷன் டிப்போ வண்டி அது; கண்டக்டர் இதுவரை தற்காலிகமாக ஓடியது அதில்தான். அந்த நன்றி எதற்கு என்று இப்போது புரிந்தது. அது ஒன்றுதான் புரிந்தது.

திரும்பி வந்தபோது நிலைமை இன்னும் மோசம். கண்டக்டர் பந்தைத் தட்டிக்கொண்டு பாம்பு மாதிரி நெளிந்து ஓடிக்கொண்டிருந்தான். காலேஜில் அவன் ஆடியது மருமகன் ஆடுகிற அதே இடமாம். மருமகனைவிட நன்றாகவே ஆடினான். தேவை என்று போய், தேவையில்லாததை எடுத்து, மருமகனின் காலை ஷிஃப்டுக்கும் உலை வைத்தாயிற்று. மகளிடம் என்ன சொல்வது? குழந்தைக்கு எட்டாத உயரத்தில் கண்ணாடியை மாட்ட ஒரு ஆணி அடிக்க வேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்போது கோச் மருமகனையும் கண்டக்டரையும் மறுபடி பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஏற இறங்கப் பார்த்தான். "கேப்டன், நம்மள்ல நீங்கதான்யா உயரம்" என்றான், புதிதாகக் கண்டுபிடித்தவன் மாதிரி. "நீங்க கூடைக்குக் கீழ நில்லுங்க. பந்த இவரு கொண்டு வரட்டும்."

இத்தனை வருஷம் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடியதால் மருமகனின் உயரத்தை ஒருவனும் கவனிக்கவில்லை. மாமனாரும் கவனிக்கவில்லை. அவர் கவனித்ததெல்லாம், தன் வீட்டு வாசலில் அவன் குனிந்து வருகிறான் என்பது மட்டும்தான். அதை மரியாதை என்று நினைத்திருந்தார்.

முதல் போட்டியே ஸ்டேஷன் டிப்போவோடு. விடுமுறை நாள் என்பதால் மகளும் குழந்தையோடு வந்திருந்தாள். குள்ளன் நினைத்த இடத்திலிருந்து எறிந்தான், எறிந்ததெல்லாம் விழுந்தது. இந்தப் பக்கம் கண்டக்டர் பந்தைக் கொண்டுவந்து மேலே தூக்கிப் போட்டான். மருமகன் கூடைக்கு அடியில் நாலு பேரிடம் இடி வாங்கி, பிடித்துப் போட்டான். பாதி ஆட்டம் முடிந்தபோது இரண்டு பக்கமும் சமம்.

கோச் ஓடி வந்தான். "பாத்தீங்களா பெரியவரே? தேவையப் பாத்து எடுத்தோம், கூடைக்குக் கீழ ஆள் கெடச்சாச்சு."

"நீ சொன்ன ஆள் எங்கய்யா கெடச்சான்?"

"எவனோ ஒருத்தன். தேவை தீந்துதா இல்லியா?"

மருமகன் விலாவைப் பிடித்துக்கொண்டு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "நான் அன்னிக்கே சொன்னேன்ல மாமா. நல்லா ஆடறவன எடுங்க, இடம் தானா அமையும்னு."

"நான் எங்க மாப்ள எடுத்தேன்? அவன் ஆடுவானா மாட்டானான்னே எனக்குத் தெரியாதே."

மகள் அவர் காதில் குனிந்தாள். "ஷிஃப்ட் தப்பிச்சுதுப்பா. நீங்க யோசிச்சுதான் செஞ்சிருக்கீங்க. எனக்குத் தெரியும்."

"நான் ஒரு மண்ணும் யோசிக்கலம்மா."

"இப்படித்தான் சொல்லுவீங்க" என்று சிரித்தாள். ஆக அவளும் சிரிக்கிறாள்.

"இருங்க. எனக்கு ஒண்ணு சொல்லுங்க" என்றார் டயர்க்காரர். "உயரமான ஆள்னு எடுத்தேன். சாதாரண ஆள் வந்தான். உயரமான ஆள் நம்ம வீட்டுலயே இருந்திருக்காரு. நல்ல ஆட்டக்காரன்னு எல்லாரும் சொன்னவன் எதிர்ப் பக்கம் நிக்கறான். சரிங்கறீங்க. இதுல எது சரி?"

"ஆட்டம் ஆரம்பிக்கப் போகுது பெரியவரே" என்றான் கோச்.

டயர்க்காரர் எழுந்தார். குழந்தை நீட்டிய கைக்கு எட்டாமல் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். "பாதியில போறீங்களே மாமா, யாரு ஜெயிக்கறாங்கன்னு பாக்க வேணாமா?" என்று மருமகன் கத்தினான்.

"எவன் ஜெயிச்சாலும் நான் சொன்னதுதான்னு ரெண்டு பேரும் சொல்லப் போறீங்க. அதுக்கு நான் எதுக்கு?"

கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்தார். பின்னால் பெரிதாக ஒரு கூச்சல் எழுந்தது. நம்மவனா, அவனா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது. பார்க்கவில்லை. குட்டி பஸ் ஒன்று பக்கத்தில் வந்து நின்று, "ஏறுங்க பெரியவரே" என்றது. அதன் கம்பியை ஒரு முறை முறைத்துவிட்டு, தலையை நன்றாக நிமிர்த்தி வைத்துக்கொண்டு நடந்தே போனார்.