பதிமூன்று ஊசி

கிட்டார் அலறியது. யாரும் அதைத் தொடவில்லை.

தனேஸ்வரன் கையில் கோப்பியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கிட்டார் மூன்றடி தள்ளி ஸ்டாண்டில் சாய்ந்திருந்தது. மேசைமேல் இருந்த இரண்டு ஸ்பீக்கர்களிலிருந்தும் வயலின் கம்பியை ரம்பத்தால் அறுப்பது போல ஒரு சத்தம் கிளம்பி, உச்சிக்கு ஏறி, அங்கேயே நின்றது. கோப்பி கால்சட்டையில் கொட்டியது. அவன் எழுந்து ஸ்பீக்கரை அணைத்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருளாயி அக்காவின் குரல் கேட்டது. ஈப்போவில், குனோங் ராபாட்டில் வரிசை வீடு. பக்கத்து வீட்டில் தும்மினாலும் தெரியும்.

“என்னா தம்பி, பூனைய மிதிச்சிட்டியா?”

“இல்லக்கா. மிஷின்.”

“அதுக்கு எங்கயோ வலிக்குது போல. பனடோல் குடு.”

தனேஸ்வரன் கால்சட்டையைத் துடைத்துக்கொண்டான். பள்ளிக்கூட நோட்டுப்புத்தகம் ஒன்றை எடுத்து, தேதி போட்டு எழுதினான். ‘திங்கள், மாலை 6.40. தானாகச் சத்தம். மூன்றாம் கம்பி.’

ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் மெஷின்களைப் பழுது பார்ப்பது அவன் வேலை. எந்த மெஷின் நின்றாலும் எப்போது நின்றது, எப்படி நின்றது என்று எழுதிவிட்டுத்தான் திருப்புளியைத் தொடுவான். வீட்டிலும் அதே பழக்கம். மூன்று மாதத்தில் பதினொரு பக்கம் நிரம்பியிருந்தது.

பழுதாவது கிட்டார் சிந்தசைசர். சாதாரணக் கிட்டாரில், கம்பிகள் முடியும் இடத்தில், விரல் அகலத்துக்கு ஒரு பட்டையைப் பொருத்த வேண்டும். அது ஆறு கம்பிகளின் அதிர்வையும் தனித்தனியாகப் பிடித்து, பதிமூன்று ஊசி உள்ள தடித்த கேபிள் வழியாக ஒரு பெட்டிக்கு அனுப்பும். வாசிப்பது கிட்டார்தான். வெளியே வருவது வயலினாகவோ புல்லாங்குழலாகவோ இருக்கும். பினாங்கில் ஹோட்டலில் வாசித்துக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து தனேஸ்வரன் அதை வாங்கி வந்தான். முதல் வாரம் சொன்னபடி கேட்டது. இரண்டாவது வாரத்திலிருந்து ஒரு கம்பி ஊமையாகும், இன்னொன்று வாசிக்காத சுரத்தைப் பாடும், பிறகு ஒன்றுமே நடக்காதது போல் இரண்டு நாள் ஒழுங்காக இருக்கும்.

அவன் எல்லாம் செய்து பார்த்தான். கம்பிகளை மாற்றினான். பட்டையைக் கால் மில்லிமீட்டர் இறக்கினான், ஏற்றினான். மின்விசிறியை அணைத்தான். குழல் விளக்கைக் கழற்றிவிட்டு வேறு விளக்குப் போட்டான். கணினியில் எல்லாவற்றையும் அழித்து, முதலிலிருந்து மறுபடி ஏற்றினான். நோட்டில்தான் பக்கம் கூடியது.

பொழுதுபோக்காக இருந்திருந்தால் தூக்கிப் போட்டிருப்பான். ஆனால் ஷர்மினியிடம் வாக்குக் கொடுத்திருந்தான். ஷர்மினிக்கு இருபத்தாறு வயது. சிலிம் ரிவர் பக்கம், ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டிருக்கும் ஒரு பழைய தோட்டத்தில், காணாமல் போன மோட்டார் சைக்கிளைத் தேடி அலையும் ஒரு பெண்ணைப் பற்றிப் பதினெட்டு நிமிடக் குறும்படம் எடுத்திருந்தாள். அதற்கு அவன்தான் இசை. போட்டிக்குப் படத்தை அனுப்பும் கடைசி நாள் இந்த ஞாயிற்றுக்கிழமை.

“அண்ணே, வயலின் மாதிரி இருக்கணும். ஆனா வயலினா இருக்கக்கூடாது,” என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். கிட்டார் கம்பியை விரலால் இழுத்து வளைக்கும்போது வயலின் குரலும் கூடவே வளைந்தது. அதைக் கேட்டுத்தான் அவனிடம் வந்தாள். கீபோர்டில் அந்த வளைவு வரவில்லை. அதையும் அவன் முயன்று பார்த்திருந்தான்.

தனேஸ்வரன் பத்து வருடம் கல்யாண வீடுகளில் வாசித்தவன். ஊர் ஊராகப் போய் மற்றவர்களின் பாட்டை மற்றவர்கள் சாப்பிடும்போது வாசித்தான். ஒரு மேடையிலும் அவன் பெயரைச் சொன்னதில்லை. இப்போது திரையில் ‘இசை: தனேஸ்வரன்’ என்று வரப்போகிறது. கேன்டீனில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

அன்று இரவு ஷர்மினியின் குரல்பதிவு வந்தது.

“அண்ணே, படத்தோட கடைசி கட் வெள்ளிக்கிழமை மத்தியானம் அனுப்புறேன். சனிக்கிழமை ரெண்டு மணிக்கு மியூசிக் என் கையில இருக்கணும்லா. கேஎல்ல ஒருத்தரு ரெடிமேட்டா வெச்சிருக்காரு. எனக்குப் புடிக்கல. ஆனா இருக்கு.”

சமையலறையிலிருந்து விமலா கேட்டாள். “யாரு, அந்தப் படம் எடுக்குற புள்ளையா?”

“ஆமா.”

“மறுபடியும் மிஷின் ரோசாக்கா? கெட்டுப்போச்சா?”

“ம்.”

விமலா கிளினிக் ஒன்றில் குமாஸ்தா. சனி ஞாயிறுகளில் ரவிக்கை தைப்பாள். கிட்டார் இருக்கும் அந்தப் பின்னறையைத் தையலுக்குத்தான் அவள் கேட்டிருந்தாள். கிடைக்கவில்லை. தையல் மெஷின் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. அதைப் பற்றி அவள் ஒன்றும் சொன்னதில்லை. சிந்தசைசர் வந்த முதல் வெள்ளிக்கிழமை, கிட்டாரின் வெளிர்மஞ்சள் மரத்தில், நட்ட நடுவே, சந்தனமும் குங்குமமுமாக ஒரு பொட்டு இருந்தது. துடைத்தபோது குங்குமம் மரத்தின் ரேகைக்குள் இறங்கிவிட்டது. அன்று தனேஸ்வரன் கொஞ்சம் அதிகமாகவே பேசினான். அதன் பிறகு கிட்டாரில் பொட்டு இல்லை. அவன் வாசிக்கும்போது விமலா அந்த அறைக்குள் வருவதும் இல்லை.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் மதீசனைப் பார்க்கப் போனான். மதீசன் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுப்பவர். பேஸ்புக் குழு ஒன்றில் பழக்கம். ஈப்போவில் அதே மாதிரிப் பெட்டி அவரிடமும் ஒன்று இருந்தது.

“கிட்டார மட்டும் கொண்டு வாங்க. மற்றதெல்லாம் என்னட்ட இருக்கு,” என்று சொல்லியிருந்தார். மருத்துவர் கைக்குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் கிட்டாரை வாங்கினார். கேபிள் செருகும் குழிக்குள் ஸ்ப்ரே அடித்து, காது குடையும் பஞ்சால் துடைத்தார். பஞ்சு மஞ்சளாக வந்தது.

“சிகரெட் பிடிப்பீங்களா?”

“இல்லியே.”

“அப்ப துருவா இருக்கும்.” பஞ்சைக் குப்பையில் போட்டார்.

அவருடைய கேபிளைச் செருகியதும் ஆறு கம்பியும் ஒழுங்காகப் பாடின. ஒரு மணி நேரம் வாசித்தார்கள். ஒரு பிசிறு இல்லை. மதீசன் நோட்டுப்புத்தகத்தைப் புரட்டினார்.

“தனேஸ், இதை நீங்க எழுதத்தான் செய்றீங்க, படிக்கிறதில்ல போல. வாராவாரம் வெள்ளிக்கிழமைதான் மோசமாகுது. வியாழக்கிழமைக்குள்ள தன்னால சரியாகுது. வெள்ளிக்கிழமை உங்க வீட்டில என்ன விசேஷம்?”

தனேஸ்வரன் யோசித்தான். “ஒண்ணும் இல்ல. சைவச் சாப்பாடு.”

“பருப்புக்கும் இதுக்கும் தொடர்பு இருக்காது,” என்றார் மதீசன் சிரிக்காமல். “உங்க கேபிள்தான் போயிருக்கு. புதுசு ஓர்டர் போட்டா வர ரெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் என்டத வெச்சிருங்க. ஸ்ப்ரேயும் கொண்டு போங்க. ஆனா கேபிளைச் சுருட்டி இறுக்கக்கூடாது. தொங்கவிடணும்.”

“நான் எப்பயும் ஆணியிலதான் மாட்டி வைப்பேன்.”

“அப்ப பயமில்ல.”

வீட்டுக்கு வந்ததும் பழைய கேபிளைச் சாமான் பெட்டிக்குள் எறிந்தான். புதன்கிழமை நன்றாக ஓடியது. வியாழக்கிழமையும் நன்றாக ஓடியது. வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றி, தடித்த தலை கீழே தொங்கும்படி ஆணியில் மாட்டினான். நோட்டில் ‘பிரச்சினை தீர்ந்தது’ என்று எழுதி அடிக்கோடு போட்டான்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது சாம்பிராணி வாசம் வாசல்வரை இருந்தது. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நேராகப் பின்னறைக்குப் போனான். ஷர்மினியின் படம் வந்திருந்தது. கணினியில் ஓடவிட்டான். செம்மண் பாதையில் அந்தப் பெண் தனியாக நடந்து வந்தாள். கேபிளைச் செருகி, கிட்டாரைத் தோளில் மாட்டி, முதல் சுரத்தை இழுத்தான்.

ஸ்பீக்கர் கனைத்தது. இரண்டாம் கம்பி இல்லை. மூன்றாம் கம்பி திங்கட்கிழமை அலறிய அதே சுரத்தில் அலறியது.

“தம்பி,” என்றது சுவர். “இன்னைக்கு ரெண்டு பூனையா?”

அவன் ஸ்பீக்கரை அணைத்தான். வேறு கேபிள், அதே பழுது, அதே வெள்ளிக்கிழமை. கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இருபது மணி நேரம்கூட முழுசாக இல்லை. கேஎல்காரரின் ரெடிமேட் இசை தயாராக இருந்தது.

கேபிளைப் பிடுங்கினான். விரல் நுனியில் ஏதோ ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோனான்.

சந்தனம்.

கைபேசி விளக்கை அடித்துப் பார்த்தான். கேபிள் தலையின் உலோக வளையத்துக்குள், பதிமூன்று ஊசிகளுக்கு இடையில், மஞ்சளாக ஈரக் குழம்பு அப்பியிருந்தது. நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி. பெட்டியிலிருந்து பழைய கேபிளை எடுத்துப் பார்த்தான். அதில் சந்தனம் காய்ந்து, அடுக்கடுக்காக ஏறி, செதில் விட்டிருந்தது. ஈரம் இருக்கும்போது ஒரு ஊசியின் மின்சாரம் இன்னொன்றுக்குத் தாவும். காய்ந்தால் பொடி உதிர்ந்து கொஞ்சம் வழி விடும். மூன்று மாத நோட்டுக்கும் அதுதான் பதில்.

சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. தனேஸ்வரன் கதவுவரை போனான். அங்கேயே நின்றான். கிடைக்காத அறை, ஹாலில் இருக்கும் தையல் மெஷின், மூன்று மாதமாக அவன் வாசிக்கும்போது உள்ளே வராத விமலா. மூன்றையும் வரிசையாக அடுக்கினால் ஒரு முடிவு வந்தது. இது தற்செயலாகச் செய்த வேலை இல்லை.

ஆனால் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் மெஷின் ஓட வேண்டும். யார் காரணம் என்பது பிறகு. அவன் திரும்பி வந்து ஸ்ப்ரேயை எடுத்தான். ஊசி ஊசியாகத் துடைத்தான். பஞ்சு தீர்ந்ததும் பல் துலக்கும் பிரஷ். குழியையும் துடைத்தான். எல்லாவற்றையும் மின்விசிறிக்கு அடியில் காயவைத்துவிட்டுக் கதவைப் பூட்டினான். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது விமலா கேட்டாள். “படம் வந்துருச்சா?”

“வந்துச்சு.”

“நல்லாருக்கா?”

“ம்.”

அவள் ரசம் ஊற்றினாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் செருகினான். ஆறு கம்பியும் பாடின. அந்தப் பெண் பாதையில் நடந்து வரும்போது மூன்றாம் கம்பியை இழுத்து வளைத்தான். வயலினாக இல்லாத அந்த வயலின் கூடவே வளைந்து, பாலத்துக்கு அடியில் கிடந்த மோட்டார் சைக்கிளை அவள் கண்டதும் இறங்கியது. பத்து மணிக்கு இருளாயி அக்கா, “இன்னைக்குப் பூனை சொகமா இருக்கு,” என்றாள். ஒரு மணி இருபது நிமிடத்துக்கு அனுப்பினான். ஒன்றே முக்காலுக்கு ஷர்மினி அழைத்தாள்.

“அண்ணே, இதேதான். கேஎல்காரருக்கு மெசேஜ் போட்டுட்டேன். உங்க பேரு அப்பா பேரோட போடவா, தனேஸ்வரன் மட்டும் போதுமா?”

“தனேஸ்வரன் மட்டும் போதும்மா.”

கைபேசியை வைத்தான். பெட்டியிலிருந்து பழைய கேபிளை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனான். விமலா ஒரு நீல ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். மெஷினின் தலையில் நேற்றைய பொட்டு இருந்தது. டிவியின் ஓரத்திலும் ஒன்று. கேபிளின் தலையை அவள் முன்னால் நீட்டினான்.

“இது யாரு செஞ்சது?”

விமலா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தாள். “நான்தான். வெள்ளிக்கிழமையானா வைப்பேனே.”

“மதீசன் கேபிள்லயும் வெச்சியா?”

“ஆணியில மாட்டியிருந்துச்சு. வெச்சேன். அது அவரோடதா?”

“விமலா, இதுக்குள்ள பதிமூணு ஊசி இருக்கு. மூணு மாசமா நான் என்னென்னத்தையோ கழட்டிப் பாத்துக்கிட்டு இருக்கேன். எத்தனையோ எடம் இருக்கறப்ப இதுக்குள்ள கொண்டுபோய் ஏன் வெச்ச?”

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ரவிக்கையை மடித்து வைத்தாள்.

“வைக்கறதா இருந்தா வெளிய தெரியாத எடமா பாத்து வைன்னு அன்னைக்கு நீங்கதானே சொன்னீங்க.”