மெழுகு வைத்த குளம்பு

ஆட்டுக் குளம்பு சீவுவதில் சங்கரன்கோவில் வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தப் பெருமையெல்லாம் எழுபத்தேழாம் வருஷம் ஐப்பசியோடு போய்த் தொலைந்தது. ஆறுமுகச்சாமி கை வைத்த குளம்பு என்றால் ஆடு வாங்குகிறவன் மறுபேச்சுப் பேசமாட்டான் என்பதற்காகத்தான் சொல்கிறேன். அதுதான் வினையாக முடிந்தது.

அந்த ஐப்பசியில் பன்னிரண்டு நாள் விடாத மழை. பட்டிகளிலெல்லாம் கணுக்கால் சகதி. குளம்பு நனைந்தே கிடந்தால் விரலிடுக்கு வெந்து உள்ளே அழுகல் இறங்கும். அந்த வாடையை ஒரு தடவை மோந்தவன் சாகும்வரை மறக்கமாட்டான். அழுகலை அடிவரை தோண்டியெடுத்து, காலை மயில்துத்தம் கரைத்த தண்ணீரில் முக்கி, அந்த ஆட்டைத் தனியே கட்டவேண்டும். கத்தியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுத்த பிறகுதான் அடுத்த ஆட்டின் காலைத் தொடவேண்டும். இல்லையென்றால் கத்தியே நோயைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இவ்வளவும் தெரிந்தவன் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

சந்தைக்கு முந்தின நாள் வியாபாரி வெள்ளத்துரை ஏழு ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தான். வாசலில் நிற்கும்போதே எனக்கு வாடை அடித்துவிட்டது. அடிவரை தோண்டவேண்டும், பத்து நாள் கட்டிப்போட வேண்டும் என்றேன்.

"தோண்டினா நொண்டும் வே. நொண்டுத ஆட்டை எவன் வாங்குவான்? மேலாப்புல சீவி, ஓட்டையை அடைச்சு விடும்" என்றான்.

எல்லாம் கறிக்குப் போகிற ஆடுதான், இரண்டு நாளில் தோலை உரித்துவிடுவார்கள், நோய் யாருக்கும் பரவாது என்று சத்தியம் செய்தான். இரட்டிப்புக் கூலி என்றும் சொன்னான். தேன்மெழுகில் விளக்குக் கரியைக் குழைத்து, அழுகின ஓட்டைகளில் கட்டைவிரலால் அழுத்தி அடைத்தேன். மேலே வேப்பெண்ணெய் தடவியதும் ஏழும் புதுக் குளம்பு மாதிரி மின்னின. அதில் ஒன்று இளம் செவலைப் பெட்டை, இன்னும் குட்டி போடாதது. அப்படி ஒரு பெட்டையை எந்தக் கசாப்புக்காரன் வாங்குவான்? கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் டீக்கடையில் வெள்ளத்துரை சிரித்துக்கொண்டே சொன்னான்: செவலையை வாங்கிப்போனது என் தங்கச்சி பூமாரி. குளம்பைத் தூக்கிப் பார்த்தாளாம். ஒரு கேள்வி கேட்காமல் ஓட்டிக்கொண்டு போய்விட்டாளாம். பாதி டீயோடு கிளாஸை வைத்துவிட்டு எழுந்தேன்.

பூமாரிக்கு வாசுதேவநல்லூருக்கு மேற்கே, மலையடி ஊர். புருஷன் போனபிறகு நாற்பது ஆடுகள்தான் அவளுக்கு எல்லாம். நானும் அவளும் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவள் இளைய மகள் காதுகுத்தில் தாய்மாமன் எனக்கு முன்னால் அவள் கொழுந்தனுக்கு மாலை போட்டுவிட்டார்கள். இலையில் உட்கார்ந்தவன் எழுந்து வந்துவிட்டேன். என் கோபம் அப்படிப்பட்ட கோபம், சனியன்.

விடிந்ததும் வாசுதேவநல்லூர் பஸ்ஸைப் பிடித்தேன். செவலையைத் தனியே கட்டு, அதில் கோளாறு இருக்கிறது, மெழுகு வைத்தது நான்தான் என்று சொல்லிவிடவேண்டும். சொன்னால் மிச்ச ஆடு தப்பும். பஸ் முழுக்க இதையே வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். பக்கத்து சீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

என்னைக் கண்டதும் பூமாரி கையிலிருந்த தழையைக் கீழே போட்டாள். அழுதாள், சிரித்தாள், மூக்கைச் சிந்தினாள். அண்ணன் வந்துட்டான் என்று தெருவுக்கே சொன்னாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் வந்து நின்றுகொண்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பட்டிக்குள் போய் அந்தச் செவலையைத்தான் முதலில் இழுத்துவந்தாள்.

"நுனியை ஒரு வெட்டு சரிச்சு விடுவியே, அதைப் பார்த்ததும் உன் கைன்னு தெரிஞ்சுபோச்சுண்ணே. பேசாட்டி என்ன, அண்ணன் கை பட்ட ஆடு நம்ம வீட்டுல நிக்கட்டும்னுதான் வாங்கினேன்" என்றாள்.

அதற்குப்பிறகு நான் எப்படிச் சொல்வேன்? இத்தனை பெண்கள் முன்னால், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, எந்த வாயால் சொல்வேன்?

செவலையின் முன்னங்காலை மடியில் வைத்துக் கத்தியை எடுத்தேன். ரகசியமாக அழுகலைத் தோண்டிவிடலாம் என்று ஒரு கணக்கு. மெழுகு ஓரத்தில் கத்தி நுனி இறங்கியதும் அந்த வாடை குப்பென்று வந்தது. என்ன வாடை என்று கேட்டாள். சகதி வாடை என்றேன். மேலே தோண்டப் பயந்து காலை விட்டுவிட்டேன். விட்ட கையோடு அடுத்த ஆட்டை என் மடியில் தள்ளினாள். வந்ததுதான் வந்தாய், எல்லாவற்றுக்கும் சீவிவிட்டுப் போ என்றாள்.

கொதிக்கிற தண்ணீர் வேண்டும். கேட்டால் எதற்கு என்பாள். அவளும் ஆட்டோடு வளர்ந்தவள், விளங்கிக்கொள்வாள். கத்தியை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். எப்படியும் சகதியிலேயே பரவத்தான் போகிறது, கத்தியால் புதிதாக என்ன கெட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று மதியத்துக்குள் மிச்ச நாற்பது ஆட்டுக்கும் சீவினேன். சில குளம்பில் கத்தி கொஞ்சம் ஆழமாகப் பட்டு ரத்தம் பொட்டுவைத்தது. என் கைக்கு அப்படி ஆவதே கிடையாது. சாப்பாட்டுக்குக் கோழி அடித்திருந்தாள். மூன்று வருஷத்துக்கும் சேர்த்துப் பரிமாறினாள். தின்றேன்.

வீட்டுக்கு வந்து எட்டு நாளும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மழை விட்டு நல்ல வெயில் அடித்தது. ஒன்றும் ஆகாது என்று ஒரு மனசு சொல்லும். கையை மோந்து பார்த்தால் அந்த வாடை இருக்கும். சீயக்காய் போட்டுத் தேய்த்தேன், அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் பூமாரியின் மூத்த மகள் மாடத்தி வந்து நின்றாள்.

"மாமா, ஆடெல்லாம் முட்டி போட்டு மேயுது. அம்மா உங்களைக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னா" என்றாள்.

கத்தியை எடுத்துக்கொண்டு அவளோடு போனேன். பட்டிக்குப் பின்னால் புல்தரை. வெயில் பளீரென்று அடித்தது. ஆடுகள் முன்னங்காலை மடித்து, முட்டியால் நகர்ந்து நகர்ந்து மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை. சத்தமும் இல்லை. செவலை மட்டும் மேயாமல் ஒருக்களித்துப் படுத்திருந்தது, அதன் கால்மேல் ஈ மொய்த்தது. இத்தனை வருஷத்தில் ஆட்டைப் பார்த்து நான் பயந்தது அன்றைக்குத்தான்.

பூமாரி அழவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கறுப்பு உருண்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். மெழுகு. அதன்மேல் என் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது.

"செவலை கால்லயிருந்து விழுந்துச்சு. வெள்ளத்துரை வேலைன்னு ஊரே சொல்லுது. அன்னைக்கு நீ கத்தி வச்சியேண்ணே, உனக்குத் தெரியலையா?" என்று கேட்டாள்.

எனக்கு ஒரு வழி விட்டுத்தான் கேட்டாள். தெரியவில்லை என்று ஒரு சொல் சொன்னால் நம்பியிருப்பாள். ஆனால் சுற்றிலும் அத்தனை ஆடும் முட்டி போட்டு நிற்கும்போது அந்தச் சொல் வரவில்லை.

"தெரியும். மெழுகு வச்சதே நாந்தான். கத்தியையும் கழுவல" என்றேன்.

திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நின்றேன். அவள் ஆடுகளைப் பார்த்தாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா ஒத்தை ஆட்டோட போயிருக்கும்" என்றாள்.

பிறகு மாடத்தியைக் கூப்பிட்டு, பானையில் தண்ணீர் கொதிக்கவைக்கச் சொன்னாள். சாயங்காலம்வரை நான் தோண்டினேன். கடைசியில் பிழைத்தது பதினொரு ஆடு. அன்று ஒவ்வோர் ஆடு முடிந்ததும் பூமாரி கையை நீட்டுவாள். கத்தியை என்னிடமிருந்து வாங்கி, கொதிக்கிற தண்ணீரில் அவளே போட்டெடுத்து, திரும்ப என் கையில் தருவாள்.