ஒரே லாட் டிஸ்க்குகள்

பத்து பெரண்டாம் என்ற இடத்தில் உள்ள தொழிற்சாலையில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பாகம் பூட்டுகிறவர் என் வீட்டுக்காரர் வசந்தன். ஊழியர்களுக்கு மலிவாக விற்கும் ஸ்டாஃப் சேலில் இரண்டு டிஸ்க் கிடைத்த அன்று அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டும் ஒரே லாட், ஒரே நாளில் செய்தவை. ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும், ஒன்று போனாலும் இன்னொன்று தாங்கும் என்றார். அதற்குப் பதில் சிடி ரைட்டர் வாங்கி, எல்லாவற்றையும் சிடியில் எடுத்துத் தஞ்சோங் கிளிங்கில் என் தங்கை வீட்டில் வைக்கலாமே என்றேன். டிஸ்க் செய்கிறவனுக்கே பாடமா என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த இரண்டு டிஸ்க்கையும் போட்டு அவர் ஒரு சர்வர் செய்தார்; புக்கிட் பெருவாங்கில் எங்கள் வீட்டு ஸ்டோர் அறையில் அது இரவு பகலாக ஓடியது. கிளார்க் வேலையை விட்டுவிட்டு நான் போட்ட கல்யாணக் கார்டு டிசைன்கள் அத்தனையும் அதற்குள்தான். கம்ப்யூட்டருக்கென்று அவர் ஆசை ஆசையாக வரைந்துவந்த தமிழ் எழுத்துகளும் அதில்தான்.

தொண்ணூற்றெட்டு ஆயுத பூஜை வந்தது. தையல் மெஷின், மோட்டார் சைக்கிள், ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் ஓய்வு. "சர்வரும் நம்ம ஆயுதம்தான்லா" என்று அதையும் அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினார். அதுவரை அணைத்தே அறியாத எந்திரம். மறுநாள் காலையில் பட்டனைத் தட்டினால் இரண்டு டிஸ்க்கும் சுற்றவில்லை. சும்மா நின்றதில், உள்ளே படிக்கிற ஊசி தட்டோடு ஒட்டிக்கொண்டதாம். ஒரே லாட் ஆயிற்றே, இரண்டுக்கும் ஒரே வியாதி.

தை மாதக் கல்யாணக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வேன்? அவர் ஒயரைக் கழற்றாமலே ஒரு டிஸ்க்கைக் கையில் பிடித்து மணிக்கட்டை வெடுக்கென்று திருப்பினார். அசையவில்லை. மற்றதைத் திருப்பினார். அது கிர்ரென்று சுற்ற ஆரம்பித்ததும் நான் கத்தியே விட்டேன். சத்தம் கேட்டு வந்த எதிர்வீட்டு பாலகிருஷ்ணன் அண்ணன், விஷயம் தெரிந்ததும் ஓடிப்போய்த் தன் கம்ப்யூட்டரையே தூக்கிவந்தார். எல்லாவற்றையும் அதற்கு மாற்ற, இரண்டுக்கும் நடுவே ஒயரை மாட்டினோம்.

டிஸ்க் எந்த நிமிஷமும் நின்றுவிடும் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியும். என்னைக் கேட்காமலே என் கார்டுகளை முதலில் அனுப்பினார்.

"உங்க எழுத்து?" என்றேன்.

"மொதல்ல இது போகட்டும்லா."

ஒவ்வொரு கார்டாக ஏற ஏற மூவருக்கும் மூச்சே வரவில்லை. கடைசிக் கார்டும் ஏறியதும் அண்ணன் கைதட்டினார். என் வீட்டுக்காரருடைய எழுத்துகள் தொடங்கியதும் டிஸ்க் கீச்சென்று அலறி நின்றது. பிறகு எத்தனை திருப்பியும் எழவில்லை.

நான் அழுதுவிட்டேன். அவரோ அதற்குள் குஷியாகத் திட்டம் போட ஆரம்பித்துவிட்டார். இனி இரண்டு டிஸ்க்கும் வேறு வேறு கம்பெனி, சிடியில் ஒரு பிரதி, அது தங்கை வீட்டில். "எழுத்து என் கையில இருக்கு. திரும்ப வரைஞ்சா போச்சு" என்றார்.

சாயங்காலமே டவுனுக்குப் போய் சிடி ரைட்டர் வாங்கி வந்தோம். முதல் சிடியில் கார்டுகளை ஏற்றப் போனவரின் கையைப் பிடித்தேன். மத்தியானம் அவர் புதிதாக வரைந்திருந்த 'அ' ஒன்றை மட்டும் அதில் ஏற்றச் சொன்னேன்.