ஐந்தாவது கயிறு

எங்கள் பழைய கட்டடத்தை இடித்து நான்கு வருடம் கழித்து, அதில் குடியிருந்த எல்லோரையும் ஒரு நாள் கூட்டிப் பேச வைக்க வேண்டும் என்று கண்டக்டர் மாமாவுக்குத் தோன்றியது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவருக்குத் தோன்றிய எட்டாவது யோசனை இது என்றார் அவர் மனைவி. ஓர் அச்சகத்தின் மாடியில் இடம் பிடித்து, பன்னிரண்டு குடும்பத்துக்கும் போன் செய்துவிட்டார்.

போன் வந்த நாளிலிருந்து அம்மா ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். "நான் வரேன். ஆனா அந்த அஞ்சாவது கயித்தப் பத்தி யாராவது ஒருத்தர் வாயத் திறக்கணும். அதக் கேட்டாப் போதும், எழுந்து வந்துடுவேன்."

விஷயம் இதுதான். அந்தக் கட்டடத்தில் ஆறு மொழி, மூன்று விதமான சாமி, சாமியே வேண்டாம் என்று ஒரு வாத்தியார். மொட்டைமாடியில் துணி காயப்போட நான்கு கயிறு. பதினோரு வீட்டுத் துணிகளும் ஒன்றையொன்று முறைத்தபடி அந்த நான்கில் தொங்கின. எங்கள் வீட்டுத் துணிக்கு மட்டும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஐந்தாவதாக ஒரு கயிறு. அம்மா இஸ்திரி போடுகிறவள். அத்தனை வீட்டுத் துணியும் அம்மா கையால் மடித்துத்தான் அவரவர் உடம்புக்குப் போகும். அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. எங்கள் துணி அவர்கள் துணிக்குப் பக்கத்தில் காற்றில் ஆடினால்தான் ஆகாது.

அச்சக மாடியில் போய் உட்கார்ந்தோம். சுவரில் ஒரு பெரிய காகிதத்தில் கண்டக்டர் மாமா பழைய கட்டடத்தை வரைந்து ஒட்டியிருந்தார். பன்னிரண்டு வீடு, மாடிப்படி, குழாயடி, பூனை படுக்கும் இடம்கூட இருந்தது. மொட்டைமாடியில் நான்கு கயிறு. ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி. அம்மா அதை ஒருமுறை பார்த்துவிட்டு என் கையைக் கிள்ளினாள்.

வீட்டுக்கு ஒருவர் எழுந்து மூன்று நிமிடம் பேச வேண்டும். நேரம் தாண்டினால் மாமா விசில் ஊதுவார்.

முதலில் நர்ஸ் அக்கா. "என் கையால ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாங்க. பொணத்தத் தொட்ட கையாம். காய்ச்சல்னா மட்டும் அதே கையத் தேடி ராத்திரி பகல் பாக்காம வருவாங்க."

அடுத்து கறிக்கடை மாமா. "நான் படி ஏறினா ஜன்னல் ஒண்ணொண்ணா சாத்தற சத்தம் கேக்கும். அத வச்சே எத்தனாவது மாடிக்கு வந்துட்டேன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன்."

வாத்தியார், தான் பேசுகிற விதத்தை எல்லோரும் தன் முன்னாலேயே நடித்துக் காட்டிக் கேலி செய்ததைச் சொன்னார். நடிப்பு நன்றாக இருந்ததாம், கை தட்டினாராம். கண்டக்டர் மாமாவின் மனைவி, அத்தை என்றுதான் நான் கூப்பிடுவேன், மேல்மாடிக்காரி என்பதால் தன்னைக் கர்வி என்று ஒதுக்கி வைத்தார்கள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பதினோரு பேர் பேசி முடித்தபோது பதினோரு பேரும் ஒதுக்கப்பட்டிருந்தார்கள். ஒதுக்கியவர் என்று அந்த அறையில் ஒருவர்கூட இல்லை.

"அந்தக் கட்டடம்தான் செஞ்சிருக்கும்," என்றார் கறிக்கடை மாமா. "அதான் இடிச்சாச்சே, விடுங்க."

"யாரு செஞ்சதுன்னு மட்டும் இப்ப ஆரம்பிக்காதீங்கப்பா," என்றார் கண்டக்டர் மாமா. "சேர்ந்து நின்னு போட்டோ எடுக்க வேண்டியிருக்கு. தங்கச்சி, நீ பேசு."

அம்மா நேராகச் சுவருக்குப் போனாள். "படம் நல்லா இருக்குண்ணே. ஒரு கயிறு விட்டுப்போச்சு."

"நாலு கயிறுதானே?"

"அஞ்சு. தொட்டிக்குப் பின்னாடி ஒண்ணு."

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அங்கே ஏது கயிறு, பாசிதான் இருந்தது என்றார் நர்ஸ் அக்கா. வயசாச்சுன்னா ஞாபகம் தடுமாறும் என்றார் வாத்தியார், மிகவும் அன்பாக.

"எனக்கு ஞாபகம் நல்லாவே இருக்குங்க ஐயா," என்றாள் அம்மா. "எத்தன வருஷம் உங்க எல்லார் துணியும் தேச்சிருக்கேன். நீங்க கோட்டுக்குள்ள போடுவீங்களே ஒரு வெள்ளச் சட்டை, அதுக்கு முதுகே கிடையாது. முதுகுத் துணிய வெட்டித்தான் காலருக்கு ஒட்டுப் போட்டிருந்தீங்க."

வாத்தியார் இருமினார். "தொட்டிக்குப் பின்னாடி ஏதோ ஒண்ணு கட்டியிருந்த மாதிரித்தான் இருக்கு."

"நர்ஸக்கா வீட்டுல தலகாணி உறை ஏழு. ஏழுலயும் ஆஸ்பத்திரி முத்திரை."

"இருந்துச்சு, இருந்துச்சு," என்றார் நர்ஸ் அக்கா. "நைலான் கயிறு."

அம்மா கறிக்கடை மாமா பக்கம் திரும்பினாள். அவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "மஞ்சக் கலரு. என் கண்ணால பாத்திருக்கேன்."

கண்டக்டர் மாமா தன் முறைக்காகக் காத்திருக்கவில்லை. "நான்தான் கட்டினேன் தங்கச்சி. நாலு முடிச்சு."

"அவரச் சொல்லாதீங்க," என்றார் அத்தை. உட்கார்ந்தபடியே, தரையைப் பார்த்துச் சொன்னார். "நான்தான் கட்டச் சொன்னேன். ஊர் அழுக்கத் தொடுற வீடு, அவங்க துணி நம்ம துணி மேல படவேண்டாம்னு சொன்னேன். அந்த ஊர் அழுக்கு எங்க அழுக்குதான். அப்ப அது தோணல."

அம்மா கேட்க வந்தது கிடைத்துவிட்டது. எழுந்து போய்விடுவேன் என்றவள் அங்கேயே நின்றாள். அப்போது என் குரல் எனக்கே கேட்டது.

"அங்க வெயில் வராது."

அத்தனை தலையும் திரும்பியது. பாதியில் நிறுத்தினால் இன்னும் மோசம் என்று மிச்சத்தையும் சொன்னேன். "இருந்தது ஒரே யூனிபார்ம். காயாது. கிளாஸ்ல என் பெஞ்சுல யாரும் உக்கார மாட்டாங்க. மூக்கப் பிடிச்சுக்குவாங்க. அதான் எட்டாவதோட நின்னேன்."

"தலவலின்னு சொன்னியேடி," என்றாள் அம்மா. "நான் தினமும் தேச்சுத்தானே போட்டு அனுப்பினேன்."

"தேச்சா ஈரம் போகும்மா. வாடை போகாது."

அம்மாவுக்குத் தெரியாத விஷயமா அது. தொழிலே அதுதானே. அவ்வளவு நேரம் எல்லோர் துணியையும் பிரித்துப் போட்டவள் என் துணியை மட்டும் பிரித்துப் பார்த்ததில்லை.

கண்டக்டர் மாமா அவசரமாகப் பேனாவை எடுத்து, தொட்டிக்கு இந்தப் பக்கம், நான்காவது கயிற்றை ஒட்டி அழகாக ஒரு கோடு போட்டார்.

"அங்க இல்லண்ணே," என்றாள் அம்மா. "அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கம் காகிதம் முடிஞ்சுபோச்சு தங்கச்சி."

"சுவத்துல போடுங்க."

"அது அச்சகக்காரர் சுவரு. இப்பத்தான் வெள்ளையடிச்சிருக்கார்."

அத்தை எழுந்து வந்து அவர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினார். தொட்டியைத் தாண்டி, காகிதத்தைத் தாண்டி, வெள்ளைச் சுவரில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு இழுத்தார்.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம் இழுங்க அண்ணி," என்றாள் அம்மா. "எங்க வீட்டுல நாலு பேரு."