உப்பு படக்கூடாத அறை

கலவைக்காரரின் மனைவி இறந்து பதினோரு வருஷம் ஆன பிறகும் அவளுடைய இடது தோள் மட்டும் படுக்கையறைக் கண்ணாடிக்கு முன்னால், தரையிலிருந்து மூன்றேகால் அடி உயரத்தில் இருந்தது. தோள் என்றால் சதையும் எலும்பும் அல்ல. செம்பு நிறத் தூள். திரட்டினால் ஒரு தேக்கரண்டி தேறாது. கழுத்து தொடங்கும் பள்ளத்திலிருந்து கை இறங்கும் வளைவுவரை அச்சு அசலாக அந்தரத்தில் நின்றது. சன்னல் வெளிச்சம் சாயும்போது மின்னும், மற்ற நேரத்தில் தூசி என்று நினைத்துக்கொள்ளலாம். நம்பாதவர்கள் வந்து அடிக்கோல் வைத்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அவர் வேலை பார்த்தது முகப்பவுடரும் நகச்சாயமும் செய்கிற ஒரு சின்ன ஆலையில். உடம்பில் தெளித்தால் மினுமினுக்கிற திரவம் ஒன்று செய்ய வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை வந்தது. அதைச் செய்வது கஷ்டமில்லை. மின்னுகிற தூள் புட்டியின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளாமல் பார்ப்பதுதான் கஷ்டம். எல்லோரும் செய்வதுபோல 'நன்றாகக் குலுக்கவும்' என்று ஒட்டிவிடலாமே என்றால் முதலாளி கேட்கவில்லை. "குலுக்கிப் போட்டுக்க இதென்ன இருமல் மருந்தாய்யா?" என்றார். அந்த ஒரு கேள்வியில் கலவைக்காரரின் மூன்று வருஷம் போயிற்று. கலவை செய்வார், புட்டியில் ஊற்றுவார், கோடு கிழித்து அலமாரியில் நிறுத்துவார். சாயங்காலம் புதுப்பெண் மாதிரி இருக்கும். காலையில் வந்து பார்த்தால் மேலே வெறும் தண்ணீர், அடியில் வண்டல்.

தூளைத் தாங்குவது ஒரு பசை. தண்ணீரில் ஊறிக் கண்ணுக்குத் தெரியாத வலையாக விரிந்து தூளை ஏந்திக்கொள்ளும். அந்த வலைக்கு உப்பு எமன். பதினேழாவது கலவை ஓரளவு நின்றது. அதைக் குனிந்து பார்த்த எடுபிடிப் பையன் ஒருத்தனின் மூக்கு நுனியிலிருந்து ஒரே ஒரு வியர்வைச் சொட்டு உள்ளே விழுந்தது. அரைமணி நேரத்தில் பசை தண்ணீராகிவிட்டது, தூள் மொத்தமும் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து கலவைக்காரர் உப்பைக் கண்டால் பாம்பைக் கண்டவர்போல ஒதுங்கினார்.

ஆலைப் பெண்கள் அரிக்கிறது என்று கையை நீட்ட மறுத்துவிட்டதால் ஒவ்வொரு கலவையும் மனைவியின் இடது தோளில்தான் தெளிக்கப்பட்டது. மூன்றாவது வருஷம் அவளுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. இளைத்துக்கொண்டே வந்தாள். கலவைக்காரர் கவனிக்காமல் இல்லை. 'தெளிக்கும் பரப்பு குறைந்திருக்கிறது' என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தார்.

நாற்பத்தொன்றாவது கலவை பாத்திரத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோது அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்படி ஆயிற்று. போட்டது போட்டபடி ஓடினார். கலக்கி தானாகச் சுற்றிக்கொண்டே கிடந்தது. எத்தனை மணி நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. திரும்பி வந்து புட்டியில் ஊற்றிவைத்தார். ஒரு நாள் ஆயிற்று, ஒரு வாரம் ஆயிற்று, ஒரு துகள்கூட இறங்கவில்லை. புட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்ட மனைவியைக் கண்ணாடி முன்னால் முக்காலியில் உட்காரவைத்துத் தெளித்தார். அவள் பார்த்தாள், "நல்லாத்தாங்க இருக்கு" என்றாள், எழுந்தாள். மினுக்கு எழவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே, உட்கார்ந்த உயரத்திலேயே நின்றது.

"ஏங்க, நான் எந்திரிச்சிட்டேன், இது எந்திரிக்கலையே" என்றாள் அவள்.

கலவைக்காரர் அந்தரத்தில் நின்ற தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே நடந்துபோய்க் கட்டிலில் படுத்தாள். மூன்றாம் நாள் இறந்தாள். அந்த மூன்று நாளும் அவர் அதே அறையில்தான் இருந்தார். முகம் மட்டும் கண்ணாடிப் பக்கம் திரும்பியிருந்தது.

துக்கத்துக்கு வந்தவர்களை அவர் அறை வாசலில் நின்று மறித்தார். "அழறவங்க கூடத்துல அழுதுட்டு, மொகத்தத் தொடச்சிட்டு வாங்க" என்றார். மனுஷனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். உள்ளே எட்டிப் பார்த்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். கண்ணீரும் உப்புதான் அல்லவா. ஒன்பது வயது மகள் வாய் கோணி அழத் தொடங்கிய நேரத்தில் அவளை அலாக்காகத் தூக்கிப்போய்ச் சமையலறையில் இறக்கிவிட்டார்.

அதன்பிறகு அந்த அறையில் விசிறி சுற்றவில்லை. வேர்த்த உடம்போடு யாரும் நுழையவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கிவிட்ட பெரியம்மா, செத்தவளின் அக்கா, தங்கையின் தோளை வாசலில் நின்று பார்த்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். கலவைக்காரர் ஆலைக்குப் போகிற வழியில் அழுவார். மகளுக்குத்தான் அது முடியவில்லை. சமையலறையில் நின்று யாரைப் பார்த்து அழ? சர்க்கரை டப்பாவையா? அம்மா இருப்பது அந்த அறையில். அங்கே அழக்கூடாது. வெளியே அழுகை வரவில்லை. ஒரு வருஷம் பார்த்தாள், இரண்டு வருஷம் பார்த்தாள், பிறகு அதற்காக முயற்சி செய்வதை விட்டுவிட்டாள். பதினைந்து வயதில் நெஞ்சுக்குள் கல் வைத்ததுபோல் இருக்கிறது என்றாள். படம் எடுத்துப் பார்த்த டாக்டர் கல் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார், மருந்து இல்லை என்றார். வருஷத்துக்கு வருஷம் அது வளர்ந்தது. மாடிப்படியைப் படிக்குப் படி மூச்சு வாங்க நின்று நின்று ஏறினாள். பெரியம்மா கலவைக்காரரைத் திட்டினாள். "போனவ தோளக் காப்பாத்துறீங்க தம்பி, இருக்கறவ மூச்சப் பாருங்க." அவர் தலையைக் குனிந்துகொண்டார். மகளையும் விட மனசில்லை, தோளையும் விட மனசில்லை.

நாற்பத்திரண்டிலிருந்து இருநூற்று ஆறுவரை எல்லாக் கலவையும் படுத்துவிட்டது. முதலாளி அலுத்துப்போய்க் 'குலுக்கவும்' என்று அச்சடித்து ஒட்டி விற்றார். நன்றாகவே விற்றது.

இருபது வயதில் மகளும் அதே ஆலையில் சோதனை மேசைக்கு வேலைக்குப் போனாள். தெளிப்பதற்கு முன்னால் கையை எரிசாராயத்தால் துடைக்க வேண்டும், வியர்வை உப்பு இருந்தால் கலவை உடையும் என்பது அங்கே முதல் பாடம். நாலாம் நாள் யாரோ ஒருத்தியின் முழங்கையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் பஞ்சை வைத்துவிட்டு எழுந்து, மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அப்பா, அன்னிக்கு அம்மா தோளத் தொடச்சிட்டா தெளிச்சீங்க?"

"எதுக்குக் கேக்குற?"

"சொல்லுங்க."

"இல்ல. அவசரத்துல மறந்துட்டேன்."

"அம்மாவுக்கு அன்னிக்குக் காய்ச்சல் விட்டு வேர்த்துக் கொட்டிச்சு. நான்தான் முதுகு தொடச்சிவிட்டேன். துண்டப் பிழிஞ்சா சொட்டுச்சு."

கலவைக்காரர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். உப்பு முதல் நிமிஷத்திலிருந்தே அதில் இருந்திருக்கிறது. உடைவதாக இருந்தால் மனைவி எழுவதற்கு முன்னாலேயே உடைந்திருக்கும். நேற்று வேலைக்குச் சேர்ந்த பிள்ளைக்குத் தெரிந்தது முப்பது வருஷம் கலக்கியவருக்குத் தெரியவில்லை.

"அப்ப பதினோரு வருஷமா நான் கொழாயத் தொறந்துவிட்டது?" என்றாள் பெரியம்மா.

"தேவையில்லக்கா."

"நல்லா இருக்கு தம்பி. தண்ணிக்குப் பிடிச்ச கேடு."

ஆனாலும் அவர் எழுந்துபோய் அறை வாசலை மறித்துக்கொண்டு நின்றார். நூற்றில் ஒரு பங்கு தன் பழைய பயமே சரியாக இருந்துவிட்டால்? மகள் எதிரே வந்து நின்றாள். இரண்டு மூச்சுக்கு ஒருமுறை சுவரைப் பிடித்தாள். "நகருங்கப்பா" என்றாள். அவர் அவள் பிடித்திருந்த சுவரைப் பார்த்தார். நகர்ந்தார்.

அவள் தோளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து இரண்டரை மணிக்கு ஆரம்பித்து ஐந்து மணிவரை அழுதாள். பாதியில் பெரியம்மாவும் சேர்ந்துகொண்டாள். கலவைக்காரரும் முயன்று பார்த்தார். வழியெல்லாம் அழுது தீர்த்துவிட்டதால் அவருக்கு ஒரு சொட்டும் வரவில்லை. தோளையே பார்த்துக்கொண்டிருந்தவர் ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் "எறங்கல" என்று மட்டும் சொன்னார். உண்மையில் கண்ணீரும் இறங்கவில்லை. தாடையை விட்டு ஓர் அங்குலம் விழுந்து, அப்படியே நின்றது. மகள் எழுந்து மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தாள்.

இரண்டு நாளில் சொட்டுகளில் இருந்த தண்ணீர் காய்ந்தது. உப்பு அந்தரத்திலேயே நின்றது. பிறகு மெல்ல நகர்ந்து தோளின் கீழ் விளிம்பில் போய்ச் சேர்ந்துகொண்டது. செம்பு நிறம் முடிகிற இடத்திலிருந்து வெள்ளையாக மின்னிற்று. இப்போது அந்த வெள்ளைக் கை முழங்கைவரை வந்திருக்கிறது. விரல் நுனிவரை போக இந்த வீட்டு ஆட்கள் போதாது என்று பெரியம்மா சொல்கிறாள். அதனால் துக்கம் உள்ளவர்கள் யார் வந்தாலும், முகத்தைத் துடைக்க வேண்டாம் என்று சொல்லி, முக்காலியைக் கொஞ்சம் ஒதுக்கிப் போட்டு உட்காரச் சொல்கிறார்கள்.